ஹெரால்டும் ஒரு எலுமிச்சம்பழமும்

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பெட்ரோல் யார் போடுறது?"

நியாயமான கேள்வி. பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துவிட்டது. அதிலும் குறிப்பாக, இங்கிலாந்தில் செய்து விற்றார்களே, அந்தக் கார்கள். லோட்டஸ், டிரையம்ஃப், எம்.ஜி. என்று நோட்டு அட்டை முழுக்கப் படம் ஒட்டி வைத்திருப்பேன். சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு லோட்டஸுக்கு ஆசைப்படுவது, ஆனித் திருமஞ்சனத் தேரை ஒரு நாள் வாடகைக்குக் கேட்கிற மாதிரி. அது எனக்கும் தெரியும். சரி, கைக்கு எட்டுகிற தூரத்தில் அதற்குச் சொந்தக்காரன் யாராவது உண்டா என்று தேடினேன். அகப்பட்டது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

"அது குடும்பக் கார்தானே, தாத்தா காலத்தில் டாக்டர் வைத்திருப்பாரே" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. ஆமாம், குடும்பக் கார்தான். ஆனால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு 1959ல் வந்தது. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர். மூன்று வருடம் கழித்து, 1962ல், அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கலோட்டியை வைத்து உடம்பு வரைந்து, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். லோட்டஸ் செவன் மாதிரிக் கொஞ்சமாகத் தயாரான கார்கள்கூட முன்சக்கரத்துக்கு ஹெரால்டின் பாகங்களைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டன. ஆக, ரத்த சம்பந்தம் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னால் திறக்கும். 25 அடி இடம் இருந்தால் வட்டமடித்துத் திரும்பிவிடும். நம் மேல வீதியில் இன்றைக்கு ஓடுகிற கார்கள் இதைச் செய்து காட்டட்டும் பார்ப்போம் :-)

இந்தக் காரை இங்கே செய்தது சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் என்ற கம்பெனி 1948ல் தொடங்கியது. ஹெரால்டு 1961ல் வந்தது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்று நாட்டில் மூன்றே மூன்று கார்கள் இருந்த லைசென்ஸ் காலத்தில் மூன்றிலும் சின்னது இதுதான். ஹெரால்டுக்குப் பிறகு கெஸல் வந்தது. 1985ல் ரோவர் உடம்புக்குள் பழங்கால இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது போணியாகவில்லை. 1988ல் கடை மூடப்பட்டது. அந்த ரோவர் கதை தனியாக அழ வேண்டியது, இன்னொரு நாள் அழலாம்.

நிற்க. என் கையில் இருந்தது 62,000 ரூபாய். இரண்டு வருடமாக சாயங்காலம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. பில்களை என்ட்ரி போட்டுச் சேர்த்தது. சி.ஏ. இன்டருக்குக் கட்டவும் புத்தகம் வாங்கவும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்த பணம். அம்மாவுக்கு இது தெரியும். அதனால்தான் அன்றைக்கு அம்மா எதுவுமே கேட்கவில்லை. அது அப்பாவின் கேள்வியைவிட மோசம்.

முதலில் பார்த்த வண்டி சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தோப்பில் நின்றது. செக்கச்செவேலென்று புது பெயின்ட். நான் கிட்டத்தட்ட மயங்கிவிட்டேன். கூட வந்த மெக்கானிக் அண்ணன் மட்டும் பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, கதவின் அடிப்பக்கம் வைத்தார். ஒட்டவில்லை, விழுந்துவிட்டது. பின்பக்கம் வைத்தார். அங்கேயும் விழுந்தது. "தம்பி, இது கார் இல்ல. பட்டியில செஞ்ச பிள்ளையார்" என்றார். துருவை வெட்டாமல் அதன்மேலேயே பட்டி பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

எங்கள் பாடத்தில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதாரக்காரர் வருவார். 1970ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், 2001ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். விற்கிறவனுக்குத் தன் வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் பயந்து குறைந்த விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான். அமெரிக்காவில் ஓட்டை வண்டிக்கு எலுமிச்சம்பழம் என்று பேராம். நம் ஊரில் புது வண்டியின் சக்கரத்தடியில் வைத்து நசுக்குவதும் அதைத்தானே! இரண்டு ஊருக்கும் எங்கேயோ ஒரு ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

இரண்டாவது வண்டி கடலூர் ஓ.டி.யில். துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஓட்டு வீடு, பக்கவாட்டில் ஒரு ஷெட். வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பது இருக்கும். தாத்தா சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்தவர். இறந்து ஆறு வருடம் ஆகிறது. வண்டி 1967 மாடல், இரண்டு கதவு, ஒரே ஓனர். ஆர்.சி. புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார் பாட்டி. பெயின்ட் எல்லாம் பொரிந்து, சீட்டில் எலி குட்டி போட்டு, பார்க்க ரொம்பப் பரிதாபமாக இருந்தது.

கடலூரில் எந்தப் பழைய வண்டி பார்க்கப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தானே புயலில் எங்கே நின்றது, 2015 வெள்ளத்தில் எங்கே நின்றது? கேட்டேன். பாட்டி ஒளிக்கவில்லை. ஷெட் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். "பதினஞ்சுல இதுவரைக்கும் தண்ணி. தாத்தா வடிஞ்ச மறுநாளே பிரேக் டிரம்மை எல்லாம் கழட்டிக் கழுவி எண்ணெய் போட்டாரு. தானே அப்ப ஓடுதான் பறந்துச்சு, வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

அண்ணன் ஜாக்கி போட்டு, சாக்கை விரித்து, அடியில் போனார். ஹெரால்டில் ஒரு வசதி, உடம்பு வேறு, சேஸிஸ் வேறு. போல்ட்டைக் கழற்றினால் உடம்பைத் துண்டு துண்டாக எடுத்துவிடலாம். அதனால் உடம்பு எவ்வளவு கெட்டாலும் சேஸிஸின் நடுத்தண்டு இரண்டும் நன்றாக இருந்தால் வண்டிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்குரூடிரைவரால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். பக்கவாட்டுக் கைகள் இரண்டில் ஸ்குரூடிரைவர் உள்ளே போய்விட்டது. அதை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்யலாம். நடுத்தண்டில் ணங் ணங்கென்று சத்தம். அந்தச் சத்தத்தை ரிங்டோனாக வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்தது முன்சக்கரத்தின் கீழே டிரனியன் என்று ஒரு பித்தளைச் சமாச்சாரம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அதன் மரைக்குள்தான் எல்லாமே சுழலும். அதற்கு கிரீஸ் வைக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாமல் கிரீஸ் அடித்தே ஓட்டினால் ஒரு நாள் மரைக்குமேல் தண்டு உடைந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் பொதுவான வியாதி இது. அண்ணன் விரலை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தது கறுத்த ஆயில். கிரீஸ் இல்லை. "யாருய்யா இந்த மனுஷன்" என்றார் அண்ணன், அடியில் படுத்தபடியே.

விலை கேட்டேன். "பழைய இரும்புக்காரன் இருபத்திரண்டு தரேன்னான். நீ படிக்கிற பையன், இருபத்தஞ்சு குடு, எடுத்துக்கிட்டுப் போ."

வண்டி கிட்டத்தட்ட 800 கிலோ. இரும்புக்காரர் எடை போட்டுத்தான் சொல்லியிருக்கிறார். இதே நிலையில் இருந்த ஒரு ஹெரால்டுக்கு சென்னையில் ஒன்றே கால் லட்சம் பேசியதை அதற்கு முந்தின வாரம்தான் விசாரித்து வைத்திருந்தேன். சத்தம் போடாமல் இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். அன்றைக்கு அது முடியவே இல்லை. ஆலப்பாக்கம் வரை மனசு மத்தாப்பாக இருந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16 ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. வாங்குபவனே, உஷார். இன்டர்னலில் பத்து மார்க் கேள்வியாக இதை எழுதியிருக்கிறேன். படித்தது முழுக்க விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற கதைதான். இங்கே எல்லாம் தெரிந்தவன் நான். பாட்டி கோடு போட்ட சுவரைக்கூடக் காட்டினார். நான் மட்டும் எதையும் காட்டவில்லை. சட்டம் என்னை ஒன்றும் செய்யாது. அந்தப் பிரிவில் விற்கிற பாட்டிக்கு உஷார் சொல்கிற வரி கிடையாது.

அண்ணனிடம் கேட்டேன். "வியாபாரம்னா அப்படித்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முட்லூரில் டீ குடிக்க இறங்கவும் இல்லை. கிளாஸ்மேட் ஒருவனிடம் சொன்னேன். "மச்சான், உனக்கு லக்கு அடிச்சிருக்கு, கெடுத்துக்காத" என்றான். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது, "அந்தப் பாட்டி பேரு என்னடா?" எனக்குத் தெரியவில்லை. தாத்தா பேர் தெரியும், ஆர்.சி.யில் பார்த்தேன். பாட்டி பேரைக் கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு போய் எல்லாவற்றையும் சொன்னேன். சென்னை விலை, இங்கிலாந்தில் இன்னும் இதற்கு உதிரி பாகம் செய்கிறார்கள் என்பது, எல்லாம். பாட்டி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு போன் போட்டுக் கொடுத்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தீர்களா? நானும்தான். "அப்ப போன வாரம் ஏன் சொல்லல?" என்றார் அவர். பிறகு, "ஒண்ணேகாலுக்குக் குறைஞ்சு கிடையாது."

அதன்பிறகு நடந்ததுதான் உண்மையான பேரம். பக்கவாட்டுக் கைகள், டயர் நான்கு, பிரேக் சிலிண்டர்கள், வயரிங், சீட் என்று அண்ணன் பேப்பரில் எழுதினார். வீடியோ காலில் ஸ்குரூடிரைவர் உள்ளே போவதைக் காட்டினார். மூன்று ஞாயிறு ஓடியது. கடைசியில் பாட்டியே போனை வாங்கி, "ஏன்டா, அப்பா எண்ணெய் போட்ட வண்டிய இரும்புக்காரன் உடைக்கிறதப் பாக்கணுமா நான்?" என்று ஒரு சத்தம் போட்டார். 60,000க்கு முடிந்தது. நாற்பது இப்போது, இருபது பெயர் மாறிய பிறகு.

ராத்திரி சில நாள் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். முப்பத்தைந்தாயிரம் ரூபாய் என் வாயால் போயிற்று. டயரும் பிரேக்கும் அதில் முடிந்திருக்கும். வலிக்காமல் இல்லை. சி.ஏ. இன்டர் ஆறு மாசம் தள்ளிப்போகிறது, அப்பாவுக்கு அதை இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. மகன் கேட்ட "போன வாரம் ஏன் சொல்லல" என்பதற்கும் பதில் இல்லை.

வண்டி இன்னும் ஓ.டி. ஷெட்டில்தான் நிற்கிறது. ஆர்.சி. இறந்தவர் பேரில் இருப்பதால் நேராக என் பேருக்கு மாறாது. வாரிசு சான்றிதழ் வாங்கி, படிவம் 31 கொடுத்து முதலில் பாட்டி பேருக்கு வர வேண்டும். பிறகுதான் 29ம் 30ம் எழுதி எனக்கு. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் விண்டேஜ் பதிவு என்று தனியாக ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. ஓட்டாத காரை வைத்து நான் என்ன செய்வது? அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அதற்கு வண்டி ஓடி பிரேக் பிடித்துக் காட்ட வேண்டும்.

ஆகவே ஞாயிறுதோறும் அண்ணனும் நானும் கடலூர் பஸ். போன வாரம் இடது பின் டிரம் கழன்றது. உள்ளே கொஞ்சம் சேறு இருந்தது, 2015 சேறாகத்தான் இருக்க வேண்டும். பாட்டியிடம் காட்டினேன். "அவரு நாலையும் கழுவுனேன்னாரே" என்றார். அவர் பெயர் ருக்மணி.