பலகை அறுக்கும் முன்

வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த வூஃபர் வாங்கலாம்?" என்பதுதான். "யாருடைய வரைபடம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வூஃபரையும் ட்வீட்டரையும் காசு கொடுத்தால் யாரும் வாங்கிவிடலாம். அவை இரண்டையும் ஒரே வாயால் பேசவைக்கிற கிராஸோவரும், அதற்கேற்ற பெட்டியும்தான் வடிவமைத்தவரின் உழைப்பு. இலவசமாகவோ ஒரு சிறு தொகைக்கோ அவரிடம் நாம் வாங்குவது அந்த உழைப்பைத்தான். வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை. இணையத்தில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஒரு ஜோடியை முடிக்கப் பலகைக்கும் உறுப்புகளுக்கும் ஆகிற செலவை விட, அதில் கரைந்துபோகிற ஞாயிற்றுக்கிழமைகள்தான் அதிகம். ஆகவே எதைச் செய்வது என்று முடிவெடுப்பதிலேயே இந்த வேலையின் பாதி அடங்கிவிடுகிறது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த வடிவமைப்பு சொல்வதெல்லாம் உண்மையா என்று என் வீட்டில் வைத்து நான் சரிபார்க்க முடியுமா? வடிவமைத்தவர் தாம் அளந்ததை வெளியிட்டிருந்தால், நானும் அதே அளவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் கோளாறு என் பெட்டியிலா, உறுப்பிலா, அவர் படத்திலா என்று தேடலாம். "பேஸ் அதிருது, குரல் கொஞ்சுது" என்ற பாராட்டு மட்டும் இருக்கிற வரைபடத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. அதைச் செய்து முடித்தாலும் நாம் கற்றுக்கொள்வது ஒன்றும் இருக்காது.

இந்த ஒழுக்கத்துக்கு நல்ல முன்னோடி, பிபிசியின் எல்.எஸ். 3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் பெரிய ஸ்பீக்கருக்கு இடம் இல்லை என்பதால், 1970களில் அவர்களுடைய பொறியாளர்களே உருவாக்கிய சின்னப் பெட்டி அது. கே.இ.எஃப். நிறுவனத்தின் பி110 வூஃபர், டி27 ட்வீட்டர், 12 மி.மீ. பர்ச் ப்ளைவுட், அதன் உட்புறம் அதிர்வை அடக்க ஒட்டிய பட்டைகள். எதை ஏன் செய்தோம் என்று 1976இல் ஆய்வு அறிக்கையாகவே வெளியிட்டார்கள். அந்தப் பெட்டியின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. நாளடைவில் அந்த ஸ்பீக்கர் உறுப்புகளின் குணம் மெல்ல மாறிவிட, 1980களின் பிற்பகுதியில் கிராஸோவரையே மறுபடி வடிவமைக்க வேண்டிவந்தது. 15 ஓம் பெட்டி அதன்பிறகு 11 ஓம் ஆனது. பெயர் மாறாத உறுப்புக்கே பிபிசி இவ்வளவு பாடுபட்டது. "அந்த ட்வீட்டர் கிடைக்கவில்லை, அதே விலையில் வேறொன்று போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. கிராஸோவர் என்பது ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆகவே ஒரு வரைபடம் பிடித்துப்போனால் நான் முதலில் பார்ப்பது, அதில் குறிப்பிட்ட உறுப்புகள் இன்றும் உற்பத்தியில் இருக்கின்றனவா என்பதை. நின்றுபோன உறுப்பு என்றால் அந்த வரைபடம் எனக்குப் படிக்க மட்டும்தான்.

அடுத்து, இயற்கை அனுமதிக்காத வாக்குறுதி எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பேன். கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்துக்கு உரியவர் ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரால் வழங்கும் விதி எளிமையானது: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவையும் இதைக் கணக்காகவே போட்டுக் கொடுத்துவிட்டன. பத்து லிட்டர் போர்ட் பெட்டி (காற்றுக்குழாய் வைத்தது), 35 ஹெர்ட்ஸ் வரை பேஸ், 92 டெசிபல் சென்சிட்டிவிட்டி என்று ஒருவர் எழுதியிருந்தால் ஸ்மாலின் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். அந்தப் பெட்டியில் அந்த பேஸுக்கு 84 டெசிபலை ஒட்டித்தான் கிடைக்கும். மீதி 8 டெசிபல், அதாவது ஆம்ப்ளிஃபையரில் ஆறு மடங்கு வாட், எழுத்தில் மட்டும் இருக்கிறது. எல்.எஸ். 3/5ஏவின் சென்சிட்டிவிட்டி 83 டெசிபலை ஒட்டியது. சின்னப் பெட்டி கொடுக்க வேண்டிய விலையை அது மறைக்கவில்லை.

அளவு வரைபடங்களைப் படிப்பதிலும் சூட்சுமம் உண்டு. செங்குத்து அச்சு 50 டெசிபல் காட்டுகிறதா, 100 காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். 100 டெசிபல் அச்சில் எந்த மேடு பள்ளமும் சமவெளியாகத்தான் தெரியும். நேருக்கு நேர் எடுத்த ஒரு கோடு மட்டும் இருந்தால் போதாது. 15, 30, 45, 60 பாகை திருப்பி எடுத்த கோடுகளும் வேண்டும். அறையில் நம் காதுக்கு வருவதில் பெரும்பங்கு சுவரில் பட்டு வருவது. கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டுகள் நடத்திய கேட்புச் சோதனைகள் காட்டியது இதைத்தான்: முன்னால் சீராகவும், பக்கவாட்டில் படிப்படியாகக் குறைந்தும் ஒலிக்கிற ஸ்பீக்கரையே பெரும்பாலானோர் விரும்புகிறார்கள். பக்கவாட்டுக் கோடுகளைக் காட்டாத வரைபடம் பாதி வரைபடம்.

கோடு எப்படி எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். ஸ்பீக்கரும் மைக்கும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், தரையில் பட்டு வரும் ஒலி சுமார் 3.6 மில்லிசெகண்டு தாமதமாக மைக்கை அடையும். அந்த எதிரொலியை வெட்டிவிட்டால் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த அளவு எதையும் சொல்லாது. அப்படியிருக்க, வீட்டுக்குள் எடுத்த ஒரே கோடு 30 ஹெர்ட்ஸ் வரை வழவழவென்று இறங்கினால், கீழ்ப்பகுதி வேறு விதமாக எடுத்து ஒட்டப்பட்டது என்று பொருள். ஒட்டுவதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். எப்படி ஒட்டினேன் என்று சொல்கிற வடிவமைப்பாளர்மீது எனக்கு மதிப்பு கூடும். என் அளவுகளை மொட்டைமாடியில் எடுக்கிறேன். மேசைமேல் மேசை போட்டு ஸ்பீக்கரை உயர்த்தினால் எதிரொலி இன்னும் தாமதமாகும், கோடு இன்னும் கீழே வரை நம்பகமாகும். காக்கையும் ஆட்டோவும் ஓய்ந்த அதிகாலைதான் அதற்கு நேரம்.

நம் வீட்டுக்கு ஏற்றதா என்பது அடுத்த வடிகட்டி. முகப்புப் பலகை 20 செ.மீ. அகலம் என்றால், சுமார் 575 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் பரவத் தொடங்கும். கீழே போகப்போக முன்பக்க ஒலி மொத்தம் 6 டெசிபல் வரை குறையும். இதை ஈடுகட்டக் கிராஸோவரில் எவ்வளவு சேர்ப்பது என்பது வடிவமைப்பாளர் மனதில் வைத்திருக்கும் அறையைப் பொறுத்தது. அறைக்கு நடுவே ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பீக்கருக்கு முழு 6 டெசிபலும் தேவைப்படலாம். மேலைநாட்டு வீடுகளில் மரச் சட்டத்தில் அட்டைப் பலகை அடித்த சுவர்கள் பேஸில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் வீட்டிலோ செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஸ்பீக்கரும் சுவரோடு ஒட்டித்தான் நிற்கும். முழு ஈடு கொடுத்த வடிவமைப்பை இங்கே வைத்தால் மிருதங்கத்தின் தொப்பியும் தவிலும் குடத்துக்குள் இருந்து பேசும். சுவரோரம் வைக்கவென்றே செய்யப்பட்ட வடிவமைப்பு கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். ஸ்பான்ஜ் விளிம்பு வைத்த வூஃபரையும் தள்ளிவிடுவேன். நம் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அது சீக்கிரம் உதிர்ந்துவிடும், ரப்பர் விளிம்பு தாங்கும்.

பெட்டி அடிக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. முகப்பின் அகலமும், அதில் வூஃபரும் ட்வீட்டரும் உட்காரும் இடமும் மாறவே கூடாது, ஏனென்றால் கிராஸோவர் அந்த முகப்புக்காகவே கணக்கிடப்பட்டது. உள் கன அளவு கெடாதவரை ஆழத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும், ஆசாரி இஞ்சிலும் நூலிலும் கணக்குப் போடுவார். ஒரு நூல் என்பது எட்டில் ஒரு இஞ்ச், மூன்று மில்லிமீட்டருக்கும் மேல். ட்வீட்டருக்குக் குடையும் பள்ளத்தில் அந்த வித்தியாசம் அளவிலேயே தெரியும். 18 மி.மீ. என்று விற்கிற ப்ளைவுட் உண்மையில் எவ்வளவு என்று காலிப்பர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அறுக்கக் கொடுக்க வேண்டும். கிராஸோவரின் காயிலும் அப்படித்தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், உள்ளூரில் சுற்றச் சொன்னாலும், மில்லிஹென்றி சரியாக இருந்தால் மட்டும் போதாது. மெல்லிய கம்பியில் சுற்றினால் அதன் மின்தடை கூடி வூஃபரின் குணத்தையே மாற்றிவிடும். வரைபடத்தில் அந்த மின்தடையும் குறிக்கப்பட்டிருந்தால், அதை எழுதியவர் தாமே செய்து பார்த்தவர் என்று தைரியமாக நம்பலாம்.

இனி, செய்து முடித்த பெட்டியைச் சோதிக்கிற இரண்டு வழிகள். முதலாவது இம்பீடன்ஸ், அதாவது ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் ஸ்பீக்கர் காட்டும் மின்தடை. ஒரு மின்தடை, கணினியின் ஒலி அட்டை, ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருள் போதும், மைக் தேவையில்லை. போர்ட் பெட்டியில் கீழ்ப்பகுதியில் இரண்டு கூம்புகளும் நடுவே ஒரு பள்ளமும் தெரியும். பள்ளத்தின் அடி எந்த ஹெர்ட்ஸில் இருக்கிறதோ அதுதான் போர்ட்டின் சுருதி. வடிவமைத்தவர் 45 என்று சொல்லி எனக்கும் 45இல் வந்தால் கன அளவும் குழாய் நீளமும் சரி. கூம்புகள் மழுங்கிக் குள்ளமாக இருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. அதற்கு மேலே மென்மையாக ஓட வேண்டிய கோட்டில் ஒரு சின்னச் சுருக்கம் தெரிந்தால் பெட்டி தானே பாடுகிறது. உள் உயரம் 40 செ.மீ. உள்ள பெட்டியில் நிலையலை 430 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். சுருக்கம் அங்கேயே இருந்தால் உள்ளே அடைத்த பஞ்சு போதவில்லை. வேறு எங்காவது இருந்தால் பலகைக்குக் குறுக்குச் சட்டம் வேண்டும். இவ்வளவையும் பெட்டியைத் திறக்காமலேயே ஒரு கோடு சொல்லிவிடும். அதனால்தான் இம்பீடன்ஸ் கோடு வெளியிடாத வரைபடத்தை நான் எடுப்பதே இல்லை.

இரண்டாவது சோதனையைச் சாத்தியமாக்கியவர் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ். ஹியூலெட் பேக்கர்டில் பொறியாளராக இருந்த அவர், உடன் பணியாற்றிய ரஸ் ரைலியின் யோசனையோடு 1976இல் வெளியிட்ட கிராஸோவர் முறையில், சந்திப்பு அலைவரிசையில் வூஃபரும் ட்வீட்டரும் ஒவ்வொன்றும் 6 டெசிபல் குறைந்து, ஒரே கட்டத்தில் சேர்ந்து ஒலிக்கும். கூட்டினால் சமமாகிவிடும். இப்போது ட்வீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி அளந்தால், அதே இடத்தில் ஆழமான குழி விழ வேண்டும். குழி 25 டெசிபலுக்கு இறங்கினால் இரண்டும் அச்சொட்டாக இணைந்திருக்கின்றன. ஆழம் குறைந்தாலோ இடம் தள்ளி விழுந்தாலோ ஏதோ பிசகியிருக்கிறது. இந்தக் குழியை அளந்து வெளியிடுகிற வடிவமைப்பாளர், தம்மைச் சோதிக்கும் கருவியை நம் கையில் தாமே கொடுக்கிறார்.

காதால் கேட்பது கடைசியில்தான். ஒற்றை ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு மோனோவில் கேட்பேன். ஸ்டீரியோவில் மறைந்துபோகிற குறைகள் மோனோவில் பளிச்சென்று தெரியும், டூலின் சோதனைகளும் இதையே காட்டின. ஒப்பிட இன்னொரு ஸ்பீக்கர் இருந்தால் இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்தியாக வேண்டும், ஒரு டெசிபல் கூடினாலே கூடியதுதான் நல்லதாகத் தோன்றும். செய்தி வாசிக்கிற ஆண் குரல், தம்புரா, மிருதங்கம், நாகஸ்வரம் ஆகியவை எனக்குப் போதும். குரலில் மூக்கடைப்புத் தெரிந்தால் பெட்டி, தம்புராவின் ரீங்காரம் உட்கார்ந்து கேட்கும்போது ஒன்றாகவும் எழுந்து நின்றால் வேறாகவும் இருந்தால் கிராஸோவர் என்று தேடத் தொடங்கலாம்.

முதல் ஜோடிக்கு என் சிபாரிசு: ஐந்து அல்லது ஆறு இஞ்ச் வூஃபர், ஒரு இஞ்ச் ட்வீட்டர், பத்துக்கும் குறைவான கிராஸோவர் உறுப்புகள், பக்கவாட்டுக் கோடுகளும் இம்பீடன்ஸும் வெளியிடப்பட்ட டூ-வே. மூன்று வழிப் பெட்டியும், லிங்க்விட்ஸ் பிவிசி குழாயில் செய்து காட்டிய எல்எக்ஸ்மினி போன்றவையும் அதற்கப்புறம். வூஃபர் வாங்குவதற்கு முன் அளவிடும் மைக் ஒன்று வாங்குங்கள். செய்து முடித்ததும் உங்கள் அளவுகளை அந்த வரைபடத்தைத் தந்தவருக்கு அனுப்பிவையுங்கள். அவர் சொன்னதோடு அவை பொருந்தவில்லை என்றால் கட்டாயம் அனுப்புங்கள்.