தவணை ஏறவில்லை, வருடம் ஏறிவிட்டது

நண்பர்களே, வீட்டுக் கடன் வட்டி இப்போது அதிகமா குறைவா என்று பலர் கேட்கிறீர்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும்.

1995-ல் நான் கடன் வாங்கியபோது வட்டி 15 சதவீதம். 15 ஆண்டுக் கடனில் லட்சத்துக்கு மாதம் 1,400 ரூபாய். 2004-ல் அதே கடன் ஏழரை சதவீதத்துக்கே கிடைத்தது. லட்சத்துக்கு 927 ரூபாய்தான். 2008-ல் மறுபடி 11-ஐ ஒட்டிப் போனது. கொரோனா காலத்தில் 7-க்கும் கீழே இறங்கியது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5-க்கு ஏற்றியது, வீட்டுக் கடனும் 9-ஐத் தொட்டது. 2025-ல் திரும்ப இறங்கியது.

என் 15 சதவீதம் பெரும் சுமைதான். ஆனால் அது நிலையான வட்டி. எந்த மாதம் கடன் தீரும் என்று முதல் நாளே தெரியும். இன்றைய கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டி. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2023-ல் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். 2021-ல் 20 லட்சம், 20 ஆண்டு, 7 சதவீதம். தவணை 15,506. "வட்டி ஏறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க சார், எனக்குத் தவணை ஏறவே இல்லை" என்றார் சந்தோஷமாக. ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தேன். 216 தவணை பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 345 இருந்தது! அவருக்கு வயது 38. கடன் தீரும்போது 66 தாண்டியிருக்கும். கட்டும் பதினைந்தாயிரத்துச் சொச்சத்தில் அசலுக்குப் போனது 1,200 ரூபாய்கூட இல்லை.

நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 2,400 ரூபாய் கூட்டிக் கட்டினால் பழைய 216-லேயே முடியும். இரண்டு வழிக்கும் மொத்த வித்தியாசம் கிட்டத்தட்ட 15 லட்சம். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. மறுநாளே வங்கிக்குப் போய்த் தவணையைக் கூட்டச் சொல்லிவிட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்பது 2012 முதலே இருக்கிறது. போனஸ், அரியர் எது வந்தாலும் ஒரு பகுதியை அசலில் போடுங்கள். வட்டி குறைந்தாலும் பழைய தவணையையே கட்டுங்கள், வருடம் குறையும்.

வட்டி விகிதம் நம் கையில் இல்லை. பாக்கித் தவணை எத்தனை என்று பார்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. இன்றே பாருங்கள். கணக்குப் புரியாவிட்டால் கமெண்டில் கேளுங்கள், சொல்கிறேன். கடன் கணக்கு எண்ணை மட்டும் அங்கே போட்டுவிடாதீர்கள்!