கடன் தீர்த்த மல்லர்

நாஞ்சில் நாட்டிலே, வேளிமலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் ஒன்றில் நான் பிறந்தேன். அவ்வூர்த் தென்னந்தோப்பின் நடுவே ஒரு களரி இருந்தது. அந்தி சாய்ந்ததும் ஆசான் ஒருவர் அங்கே இளைஞர்க்கு அடிமுறையும் சிலம்பமும் பயிற்றுவார். களத்தில் இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆசானை வணங்குதல் முறை. சிறுவயதில் சில ஆண்டுகள் நானும் அங்குப் பயின்றேன். தட்சிணை கொடுக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. அதனைச் சொல்லி நான் தலைகுனிந்து நின்றபொழுது, “அது பிறகு ஆகட்டும், முதலில் காலை ஊன்றி நில், பிள்ளாய்” என்றார் ஆசான். பின்னர் நான் வேலை தேடி வெளியூர் சென்றேன். ‘பிறகு’ என்ற சொல்லும் என் நினைவினின்றும் அகன்றது.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லி சென்றிருந்தேன். இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் ஓர் அரங்கிற்குக் கே. டி. ஜாதவ் என்னும் பெயர் சூட்டப்பட்டிருக்கக் கண்டேன். அவர் யாரென அறிய விரும்பி, அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கஷாபா தாதாசாகேப் ஜாதவ், மராட்டிய நாட்டில் சதாரா மாவட்டத்துக் கோலேசுவர் என்னும் ஊரில் 1926ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். தந்தையும் ஒரு மல்லரே. ஆதலால் இளமையிலேயே மற்போர் அவருக்குக் கைவந்தது. கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் பயின்ற அவர், 1948இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றார். மண் களத்திலே பழகிய கால்கள், அங்கே மெத்தை விரிப்பின்மீது நின்று பொரவேண்டியிருந்தது. பன்னாட்டு விதிகளும் அவருக்குப் புதியவை. எனினும் அவர் ஆறாம் இடம் பெற்றார்.

அடுத்த ஒலிம்பிக் 1952இல் ஹெல்சின்கி நகரில் நடைபெற்றது. ஆற்றல் இருந்தது, பயணத்திற்குப் பொருள் இல்லை. அப்பொழுது கல்லூரி முதல்வர் கர்டிகர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் அளித்தார். ஊராரும் தம்மால் இயன்றதைத் தந்தனர். ஜாதவ் 57 கிலோ எடைப்பிரிவில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி நாட்டு மல்லரை வென்று வெண்கலப் பதக்கம் பெற்றார். விடுதலை பெற்ற இந்தியாவிற்குத் தனி வீரர் ஒருவர் ஈட்டித் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அத்தகைய மற்றொரு பதக்கத்திற்கு, 1996இல் லியாண்டர் பயஸ் வெல்லும்வரை, நாடு 44 ஆண்டுகள் காத்திருந்தது.

ஊர் திரும்பிய வீரரை நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகள் அணிவகுத்து வரவேற்றன. ஆரவாரம் அடங்கியது; ஆனால் அவர் உள்ளம் அடகில் கிடந்த வீட்டையே எண்ணிக்கொண்டிருந்தது. மற்போர்ப் போட்டிகள் பலவற்றில் பொருது பொருள் ஈட்டினார். ஆசிரியரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். பதக்கம் அவர் தோள்வலியைக் காட்டிற்று. இச்செயல் அவர் நெஞ்சின் வலிமையைக் காட்டிற்று.

மாணவர் தம் கடனைத் தீர்த்தார். நாடு அவருக்குப் பட்ட கடனோ நெடுங்காலம் நின்றது. 1955இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, உதவி ஆணையராக உயர்ந்து ஓய்வு பெற்ற அவர், 1984இல் சாலை விபத்தில் உயிர் நீத்தார். அர்ச்சுனா விருது அவர் மறைந்தபின், 2000ஆம் ஆண்டிற்குரியதாக வழங்கப்பட்டது. தில்லி அரங்கு அவர் பெயரைப் பெற்றதோ, 2010இல் பொதுநலவாய நாடுகளின் போட்டி நடைபெற்றபொழுதுதான். அவ்விரு பெருமைகளையும் காண அவர் இல்லை.

இதனைப் படித்து முடித்தவுடன், ‘பிறகு’ என்ற அந்தச் சொல் என் நெஞ்சைச் சுட்டது. வெற்றிலை பாக்குடன் தட்சிணையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு விரைந்தேன். ஆசானின் மகன் கதவைத் திறந்தார். “அப்பா போய் ஓராண்டு ஆயிற்றே, அண்ணாச்சி” என்றார். களரி இருந்த தோப்பில் புதர் மண்டிக் கிடந்தது. குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வணங்குவதற்கு ஆசான் அங்கில்லை.

இன்று எங்கள் ஊரில் சிலம்பம் பயிலும் ஏழைச் சிறுவன் ஒருவனுக்குரிய பயிற்சிச் செலவை நான் ஏற்றிருக்கிறேன். இதனால் என் கடன் தீர்ந்துவிட்டது என்று எண்ணவில்லை. வட்டியைத்தான் கட்டி வருகிறேன். மாணவர்களே, உங்களுக்குக் காலை ஊன்றி நிற்கக் கற்றுத் தந்தவர் இன்று உயிரோடு இருப்பாராயின், நீங்கள் பேறு பெற்றவர்கள். இன்றே சென்று அவரைக் காணுங்கள்.