ஒரு சமக்குறி குறைந்தபோது...

கர்னல் என்பது இயங்குதளத்தின் உள்கரு. நினைவகத்தைப் பங்கு போடுவது, வட்டில் எழுதுவது, எந்த நிரல் எதைத் தொடலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் வேலைதான். மற்ற மென்பொருளில் ஓட்டை விழுந்தால் ஒரு அறையோடு போகலாம். கர்னலில் விழுந்தால் வீடே போச்சு!

அதனால் கர்னலில் புது வசதி சேர்க்க யாராவது வந்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். வேகம் குறையுமா? பழைய நிரல்கள் ஓடுமா? ஆனால் பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில் இரண்டே வரி வந்தால், நல்லதுக்குத்தானே என்று தோன்றிவிடும். சிக்கலே அங்கேதான்.

2003 நவம்பரில் லினக்ஸில் நடந்த கதை இது. அப்போது லினக்ஸின் மூல நிரல் பிட்கீப்பர் என்ற மென்பொருளில் பராமரிக்கப்பட்டது. அது கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதால் பலருக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்காக சிவிஎஸ் என்ற இன்னொரு மென்பொருளில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். யாரோ அந்த நகல் இருந்த சர்வருக்குள் புகுந்து, வெயிட்4 என்ற ஃபங்ஷனில் இரண்டு வரி சேர்த்துவிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் அப்பாவி வரிகள். 'இந்த இரண்டு ஆப்ஷனும் சேர்ந்து வந்து, பயனர் எண்ணும் 0 ஆக இருந்தால், தவறு என்று திருப்பி அனுப்பு' என்பது போல இருக்கும். ஆனால் சி மொழியில் இரண்டு சமக்குறி போட்டால் 'சமமா?' என்ற கேள்வி. ஒன்றே ஒன்று போட்டால் 'சமமாக்கு' என்ற கட்டளை. அங்கே இருந்தது ஒன்றுதான்!

ஆக, பயனர் எண் 0 தானா என்று கேட்பதற்குப் பதிலாக, அதை 0 ஆகவே மாற்றிவிடும். லினக்ஸில் 0 என்றால் ரூட், அதாவது சர்வ அதிகாரம். அந்தக் கட்டளையின் விடையும் 0 என்பதால் சி மொழி அதைப் 'பொய்' என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி கூட வராது. திருடனே வாட்ச்மேன் சட்டை போட்டு வந்த கதை :-)

மாட்டியது எப்படி? பிட்கீப்பரை உருவாக்கிய லாரி மெக்வாய், நகலில் இருக்கும் ஒரு மாற்றத்துக்கு மூலத்தில் பதிவே இல்லை என்பதைக் கவனித்தார். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். கேஷ் புக்கையும் பாஸ் புக்கையும் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கும் அதே வேலை. முதலில் சந்தேகம் வந்தது அந்த வரியின் மீதல்ல, கணக்கு உதைத்ததால்தான். மூலத்தில் அந்த வரிகள் ஏறவே இல்லை. செய்தவர் யார் என்பதும் வெளிவரவில்லை.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்ற மென்பொருளை எழுதினார். லினக்ஸ் அதற்கு மாறியது. அதில் ஒவ்வொரு பதிவுக்கும், அதன் உள்ளடக்கத்தையும் முந்தைய பதிவையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு அடையாள எண் உண்டு. பழைய வரியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வரும் எண்கள் எல்லாம் மாறிவிடும். எத்தனை பேர் கணினியில் நகல் இருக்கிறதோ, அத்தனை பேரிடமும் கணக்கு உதைக்கும்.

புது வசதி தப்பாக இருந்தால் என்றைக்காவது உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். தப்பான பாதுகாப்பு சத்தமே போடாது. அதனால் பூட்டு போட வருகிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகவே கேட்கலாம், தப்பில்லை.