பால்மரத்தடியில் எல். கிருஷ்ணன்

மலேசியாவின் கோலா கங்சாருக்கு வருகிறவர்கள் உபுடியா மசூதியின் தங்கக் குவிமாடத்தைத்தான் தேடிப் போகிறார்கள். நான் ஒரு மரத்தைத் தேடிப் போனேன். மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலிக்குள் நிற்கிறது. 1877இல் இங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் எஞ்சியது இது ஒன்றுதான் என்கிறார்கள். பிரேசில் விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஆசியாவுக்கு வந்தது. நம் ஊர்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றிய மரத்தின் மூதாதை!

பக்கத்து ஒட்டுக்கடையில் தே ஆற்றிக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "பால்மரத்தப் பாக்கவா இந்தியாவுலேருந்து வந்தீங்க? எங்க தோட்டத்துல ஆயிரம் நின்னுச்சு. இப்ப எல்லாம் செம்பனை."

அவர் கைப்பேசியில் மலாய்த் திரையின் பாடகர்-நடிகர் பி. ரம்லி பாடிக்கொண்டிருந்தார். ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் ஒரு மதராஸ்காரர் என்றேன். அக்கா நம்பவில்லை.

உண்மைதான். எல். கிருஷ்ணன் 1922இல் மதராஸில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்தவர். போருக்குப் பின் மதராஸ் போய்ப் படத்தொழில் கற்றுக்கொண்டு, சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே மலாய்ப் படங்களை இயக்கிய பலரும் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். 1948இல் 'சிந்தா'வில் வில்லனாக வந்த ரம்லியை, 1950இல் தன் 'பக்தி' படத்துக்குக் கிருஷ்ணன் நாயகனாக்கினார். பெயரைப் பார்த்துச் சாமி படம் என்று எண்ணிவிடாதீர்கள், சமூகக் கதை. பிறகு கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்குப் போனார். 1958இல் எண்ணெய் பூசிய பேயை வைத்து 'ஓராங் லிச்சின்' எடுத்தார். கோலாலம்பூரில் மெர்டேக்கா ஸ்டூடியோ பிறந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. 'தான் ஸ்ரீ' பட்டம் பெற்று, 1999இல் மறைந்தார்.

இத்தனை செய்தவர் பால்மரக் காட்டுக்குள் ஏன் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகவில்லை? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதலாளிகள் பணம் போட்டது மலாய் ரசிகரை நம்பி. தோட்டத்துத் தமிழருக்கோ மதராஸ் படப்பெட்டிகள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. திடலில் வெள்ளைத் துணி கட்டினால் போதும், எம்.ஜி.ஆர் வந்துவிடுவார். இங்கேயே தமிழில் படமெடுக்க எவருக்கு என்ன அவசரம்?

தோட்டத்து வாழ்க்கையைத் தமிழிலேயே சொன்ன 'செம்மண் சாலை' 2005இல்தான் வந்தது. தீபக் குமரன் மேனன் எடுத்தது. 1960களின் ரப்பர் தோட்டம், மேலே படிக்கத் துடிக்கும் ஒரு பெண். பத்தாண்டு கழித்து சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகளைக் காட்டியது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் அதுதான்.

'ஜகாட்' பார்த்திருக்கிறீர்களா என்று அக்காவைக் கேட்டேன்.

"பாக்காம? அதுல எல்லாரும் எங்கள மாதிரியே பேசுறாங்க தம்பி. உங்க ஊர்ப் படத்துல அப்படி எவன் பேசுறான்?"