நிறம் மறைக்காது

எங்கள் வாப்பா தச்சு வேலை செய்பவர். மொறட்டுவையில் தொழில் பழகியவர். ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் பென்ட்ரி அலுமாரி செய்து கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுக் குசினி அலுமாரியின் கதவுகள் மட்டும் வருடக்கணக்கில் உரிந்துபோய்க் கிடந்தன. "ஊருக்கெல்லாம் செய்றீங்க, நம்மட வீட்டையும் பாருங்களேன்" என்று உம்மா சொல்லாத நாளில்லை.

சென்ற வருடம் ராத்தாவைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அப்போது பார்த்து வாப்பா ஏணியிலிருந்து விழுந்து, வலது கையில் பிளாஸ்டருடன் இருந்தார். வீட்டில் ஒரு வேலையில் மிஞ்சிய ஓக் மர வினியர் ரோல் ஒன்று இருந்தது. உண்மையான மரத்தைத் தோல்போல மெல்லியதாகச் சீவியது அது. பின்பக்கம் பசை இருக்கும். கடதாசியை உரித்து ஒட்ட வேண்டியதுதான்.

"மகள், நான் சொல்லித் தாறேன், நீங்க செய்ங்க" என்றார் வாப்பா. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது.

ஆறு கதவுகளையும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத்தால் கழுவி, காயவைத்துத் தேய்த்தேன். தூசியைத் துடைத்து, வினியரை ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, மரக்கட்டையால் அழுத்தினேன். அடுத்தது ஸ்டெயின். பழைய லாச்சிகளின் கடும் பழுப்புக்கு இந்த வெளிறிய ஓக்கைக் கொண்டுவர வேண்டும்.

"முதல்ல வெட்டி மிஞ்சின துண்டுல பூசிப் பாருங்க. ஸ்டெயின்ல இருக்கிற தின்னர் இந்தப் பசைக்குப் பகை. ஊத்தி ஊறவிட்டா பசை இளகி வினியர் எழும்பிடும். துணியில கொஞ்சமா எடுத்து, ரேகை போற பக்கமாவே தேச்சு, கொஞ்ச நேரத்துல துடைச்சிடுங்க. நிறம் பத்தலன்னா காஞ்ச பிறகு இன்னொரு தரம் பூசலாம்."

ஐந்து கதவுகளை அப்படியே செய்தேன். ஆறாவதுக்கு வந்தபோது வாப்பா லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். எனக்கோ கை வலித்தது. ஒரே பூச்சில் கடும் நிறம் வரட்டும் என்று ஸ்டெயினைத் தாராளமாக ஊற்றிப் பரப்பிவிட்டு, சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஓரத்தில் வினியர் கொப்புளம்போல எழும்பி நின்றது. விரலால் அழுத்தினேன், படியவில்லை. அவசரமாகத் துடைத்துக் காயவைத்து, அந்தக் கதவை கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், கீழ் மூலையில் மாட்டினேன். யார் அங்கே குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

விருந்தாளிகள் வந்த அன்று பெண்கள் குசினிவரை வந்தார்கள். "புது அலுமாரியா?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல, சின்ன மகள் தனியாச் செஞ்சது" என்றார் உம்மா பெருமையோடு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த மூலைக் கதவைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு, அவர்கள் போகும்வரை அசையாமல் நின்றேன். பரீட்சை மண்டபத்தில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

இரவு வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. கதவைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் மறைக்கும் மகள். ஸ்டெயின் மறைக்காது. கீழ என்ன இருக்கோ அதைக் கூட்டித்தான் காட்டும்" என்றார்.

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல, கொப்புளத்தை ரேகை வழியாகக் கூரிய பிளேடால் கீறினேன். கடதாசி மட்டைத் துண்டால் மரப்பசையை உள்ளே தள்ளி, மேலே பாரம் வைத்து இரவு முழுக்க விட்டேன். காலையில் படிந்திருந்தது. கீறல் மட்டும் முடிபோல மெல்லிய கோடாக நின்றது.

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. அதற்கு எங்கள் குசினி காரணமும் அல்ல. ராத்தா இப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறார்.

அந்தக் கதவை வாப்பா மறுபடி கீழ் மூலையில் மாட்டவில்லை. பீங்கான் கழுவும் இடத்துக்கு மேலே, கண்ணுக்கு நேராக மாட்டினார். வேலை கொடுக்க வருபவர்கள் அந்தக் கோட்டைக் கண்டு கேட்டால், நடந்ததைச் சொல்லும்படி என்னைத்தான் கூப்பிடுவார். முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். துண்டில் பூசிப் பார்க்காமல் எதையும் தொடுவதுமில்லை.