கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு

ஞாயிறு

மத்தியானம் மழை விட்டதும் அக்கா மகன் லயத்துப் படியேறி ஓடி வந்தான். கையில் பெயின்ட் வாளி, மேலே ஒரு தகரத்துண்டு. "மாமா, பீலிக்கிட்ட எல்லாரும் கல்ல எடுத்துட்டாங்க. நான் அள்ளிப் போட்டு மூடிட்டேன்."

உள்ளே ஒரு தண்ணிப்பாம்பு, முழங்கை நீளம். பழுப்பு உடம்பு, முன்பாதியில் நெருக்கமாகக் கறுப்புப் புள்ளிகள், கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள். எட்டிப் பார்த்ததும் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறியது. அந்தக் கழுத்துதான் அதற்கு எமன். நல்லபாம்புக் குட்டி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். சிங்களத்திலோ 'திய பொலங்கா' என்று ஒரு பெயர், அதாவது நீர் விரியன். மனிதனை நஞ்சேற்றிக் கொல்ல முடியாத ஒரு உயிர் இந்தப் பெயராலேயே எத்தனை அடி வாங்கியிருக்கும்!

புத்தகப் படத்தோடு ஒப்பிட்டேன். 1891இல் விலங்கியலாளர் பூலஞ்சர் அறிவியல் பெயர் வைத்த இனம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அது எங்கள் வட்டவளைப் பீலிக்கரையில் கிடந்திருக்கிறது.

"நம்ம கப்பித் தொட்டியில வளப்போமா?" என்றான். இருட்டி, மழையும் திரும்பப் பிடித்துக்கொண்டது. இன்று இரவுக்கு மட்டும் என்றேன். கப்பிகளைப் போத்தலுக்கு மாற்றி, தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டும்படி ஒரு கல் வைத்தோம். மேலே பலகை, பலகை மேல் அம்மிக்குழவி. எங்கு இடுக்கு இருந்தாலும் இது நழுவிவிடும்.

திங்கள்

விடியும்போது பாம்பு கல்லின் மேல் சுருண்டிருந்தது. தண்ணீர்ப் பாம்பு என்றால் முழுநேரமும் தண்ணீருக்குள் என்று அவன் நினைத்திருந்தான். இதற்கு உடம்பு உலர ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் தோலில் கொப்புளம் வரும்.

கைபேசியில் பார்த்த ஒன்றைக் காட்டினான்: மூக்கு நுனியில் இரண்டு சதைக்கொம்பு உள்ள பாம்பு. தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் பக்கத்தது. அதுதான் உண்மையில் தொட்டிக்குள்ளேயே காலம் கழிக்கக்கூடியது. வெளிநாடுகளில் வீட்டிலும் வளர்க்கிறார்கள். அதன் வேட்டை வியப்பானது. தூண்டில் முள் போல வளைந்து அசையாமல் கிடக்கும். மீன் அருகே வந்ததும் கழுத்துப் பக்கத்தை லேசாக அசைக்கும். ஆபத்தை உணர்ந்த மீன் அசைவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிப் பாயும். அங்கேதான் பாம்பின் வாய் காத்திருக்கும். 2009இல் இதை விளக்கியவர் அமெரிக்காவின் கென்னத் கட்டானியா. மறு வருடம், அப்போதுதான் பிறந்த குட்டிகளுக்கே இந்த வித்தை தெரியும் என்றும் காட்டினார். தாய் சொல்லிக்கொடுக்காமலே! அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன்.

ஆனால் அது சூட்டு நாட்டுப் பிராணி. 26, 27 பாகையில் தண்ணீர் வேண்டும். எங்கள் காம்பராவில் தை மாதத்துக் குளிருக்கு ஹீட்டர் ஓயாமல் எரிய வேண்டும். கரண்ட் போனால் அதோடு சரி. 2022இல் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் கிடந்தோமே.

"அப்ப நம்மளோடத வச்சுக்கலாமே, இது இந்த ஊருக் குளிருக்குப் பழகினதுதானே?" அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. பிறகு தொட்டியைக் காட்டினேன். பாம்பு கண்ணாடியில் மூக்கை உரசியபடி ஒரே மூலையில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். அப்புறம் அவனே வாளியைக் கழுவி வைத்தான்.

செவ்வாய்

பள்ளிக்கூடம் போகுமுன் கொண்டுபோனோம். பீலிக்குக் கீழே, கான் ஓடையில் சேரும் இடம். வாளியைச் சாய்த்ததும் ஒரு கணம் தயங்கியது. பிறகு கல்லிடுக்கில் போய்விட்டது, வாலைக்கூட முழுதாகப் பார்க்க முடியவில்லை.

குடத்தோடு நின்ற கடைசி லயத்து அக்காவிடம் அவன் பாம்பின் கண்ணுக்குக் கீழே இருந்த இரண்டு கோட்டைப் பற்றி விலாவாரியாகச் சொன்னான். அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ வந்தா நீயே வந்து கோட்டப் பாத்துச் சொல்லு தம்பி. அதுவரைக்கும் நான் தள்ளியே நிக்கிறேன்."